வராதவன் பங்கு

பறவையும் நண்டும் மனிதரோடு வாய் கொடுத்துப் பேசிய காலம் அது. பசிபிக் கடலின் நடுவில் ஒரு தீவு இருந்தது. தீவு என்றதும் மலை, அருவி என்று நினைத்துவிட வேண்டாம். வளையமாய்க் கிடந்த பவளத் திட்டு, அதன் மேல் கொஞ்சம் மணல், மணலில் தென்னை, நடுவில் காயல். அவ்வளவுதான். மீன் வந்தால் சாப்பாடு, வராவிட்டால் வெறும் தேங்காய்.

அதனால் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யார் பிடித்த மீனும் பிடித்தவன் வீட்டுக்கு நேராகப் போகாது. எல்லாவற்றையும் காயல் கரையில் ஒரே குவியலாகக் கொட்டுவார்கள். வீட்டுக்கு ஒரு தென்னங்கீற்று மணலில் விரித்திருக்கும். பங்கு பிரிப்பவர் பெயர் பெயராகக் கூப்பிட்டு மீனை வைப்பார். கைக்குழந்தைக்கும் பங்கு, படுத்த படுக்கையாய்க் கிடப்பவருக்கும் பங்கு. கடலுக்குப் போய்த் திரும்பாதவனுக்கும் உண்டு. அவன் பெயரில் மீன் விழுகிறவரை அவன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். அவனுக்கு வழி காட்டத் தீவின் முனையில் தீ எரியும். பங்கு நின்றால் தீயை அணைத்துவிடுவார்கள்.

பங்கு பிரிக்கிற வேலை ஒரு பறவையிடம் இருந்தது. நீண்ட இறக்கையும் பிளந்த வாலும் கொண்ட கருப்புக் கடற்பறவை. எல்லாரையும்விட உயரப் பறப்பதால், யார் எங்கே இருக்கிறார்கள் என்று அதற்குத்தான் தெரியும். அப்போதெல்லாம் அதன் இறகில் எண்ணெய்ப் பசை இருந்தது. தண்ணீரில் மிதக்கும், முங்கும், எழும். ஊரே அதைப் பெரியவரே என்றுதான் கூப்பிட்டது.

சூரை மீன் பிடிக்கப் போன ஃபாத்து புயலில் மாட்டிக்கொண்டான். படகும் வரவில்லை, அவனும் வரவில்லை. அவன் மனைவி லெபுவா அழுதுகொண்டு உட்காருகிற ஆள் கிடையாது. வலை இழுக்கப் போனாள், தீக்குத் தேங்காய் மட்டை சுமந்தாள், கேட்டவர்களிடமெல்லாம் வருவார் என்றாள். பாவம் என்ற முகத்தோடு வந்த பக்கத்து வீட்டுக்காரிகளை, முகத்தை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினாள்.

ஒருநாள் பறவை அவள் கீற்றில் அவளுக்கும் மாமியாருக்கும் மட்டும் மீனை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

"பெரியவரே, அவர் பங்கு எங்கே?" என்றாள் லெபுவா.

"இனி இல்லையம்மா. நேற்று வடக்கே பறந்தேன். படகு கவிழ்ந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். சொல்ல மனசு வராமல்தான் இவ்வளவு நேரம் வாயைத் திறக்கவில்லை."

கூட்டம் தலைகுனிந்தது. தீ காப்பவன் தோளில் இருந்த மட்டைகளைக் கீழே போட்டான். லெபுவா பறவையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டைப் பை புடைத்திருந்தது. பங்கு பிரிப்பவர் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். குவியலிலோ இன்னும் மீன் கிடந்தது.

"பார்த்தது உண்மை என்றால் காயலில் இறங்கிச் சொல்லுங்கள்."

அந்த ஊரில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. பொய் சொல்கிறவரைத் தண்ணீர் தாங்காது என்பார்கள். பறவைக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. குஞ்சாய் இருந்த நாளிலிருந்து மிதந்த தண்ணீர், இன்றைக்கு மட்டும் என்ன செய்துவிடும்? மேலே சுற்றிய ஆலாப் பறவை ஒன்று, வயிறு இருக்கிற கனத்துக்குப் பெரியவர் மிதப்பதே சந்தேகம் என்று கிண்டல் செய்தது. பறவை அதைக் கண்டுகொள்ளாமல் நீந்திப் போய் நடுவில் நின்று, ஃபாத்து செத்துவிட்டான் என்று தெளிவாகச் சொன்னது.

சொல்லி முடிக்கவில்லை, அதன் இறகிலிருந்த எண்ணெய் முழுக்கக் கழன்று தண்ணீர் மேல் பளபளவென்று பரவியது. இறக்கை ஊறிக் கனத்தது. பறவை அடித்துக்கொண்டது, முங்கியது, இருமியது. இருமலோடு ஒரு முழுச் சூரை வெளியே வந்து விழுந்தது. அது யார் பங்கு என்று யாரும் கேட்கவில்லை.

சாகட்டும் என்று ஊர் நின்றது. லெபுவா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அதை இறக்கையைப் பிடித்துத் தரதரவென்று கரைக்கு இழுத்தாள். இரக்கப்படுகிறாள் என்று நினைத்தார்கள்.

"இறக்கை காய்ந்ததும் கிளம்பு. பார்க்காமலே செத்தார் என்றாயே, இப்போது பார்த்துவிட்டு வந்து சொல்."

'பெரியவரே' போய் 'நீ' வந்துவிட்டதைப் பறவை கவனித்தது. "இனி நான் தண்ணீரில் இறங்க முடியாது," என்றது. "களைத்தால் எங்கே உட்காருவேன்?"

"உட்காராதே."

பறவை போனது. தூங்கினால்கூடப் பறந்துகொண்டே தூங்கியது. கடைசியில், ஆளில்லாத மணல்திட்டில் உடைந்த படகைத் தென்னை நார்க் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த ஃபாத்துவைக் கண்டுபிடித்து, லெபுவா அணையவிடாத தீயின் புகை தெரிகிறவரை முன்னால் பறந்து வழிகாட்டியது. எலும்பும் தோலுமாய்க் கரையேறியவனிடம் லெபுவா, உங்கள் பங்கெல்லாம் கருவாடாய்க் காய்ந்து தொங்குகிறது, வந்து சாப்பிடுங்கள் என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

பறவை பழைய வேலையைத் திரும்பக் கேட்டது. ஊர் தரவில்லை. ஓரமாய் ஒரு கீற்றாவது விரிக்கச் சொன்னது. அதுவும் கிடைக்கவில்லை. அப்படியானால் எதைத் தின்பது என்று லெபுவாவிடமே கேட்டது. திருடத்தான் தெரியுமே, மேலேயே திருடிக்கொள், கரைப் பக்கம் வராதே என்றாள்.

அந்தக் கருப்புப் பறவை இன்றைக்கும் கடல் மேலேயே வாழ்ந்துகொண்டு கடலில் இறங்காமல், ஆலா வாயிலிருக்கும் மீனை நடுவானில் பிடுங்கித் தின்கிறது என்றால், அது அன்றைக்குத் தொடங்கியது. அந்தத் தீவில் வராதவன் பங்கை முதலில் வைத்துவிட்டு, அப்புறம்தான் வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களே, அதுவும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.