ஞாபகக் கம்பியும் மேஸ்திரி வேலையும்

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறை. அதில் வெள்ளிங்கிரி, குப்பண்ணன், மாராத்தாள் என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அதுவும் அன்றைக்கு லீவு.

முதலாளி பூங்கோதை அக்கா, ஈர்க்குச்சி கனத்தில் ஒரு கம்பியை வெள்ளிங்கிரி கையில் கொடுத்தாள்.

"இது ஞாபகக் கம்பி. பூ மாதிரி வளைச்சு அச்சுல கட்டி, ஐந்நூறு டிகிரி உலையில அரை மணி நேரம் வெச்சு எடு. அப்புறம் என்ன ஆனாலும் சரி, சுடுதண்ணி ஊத்தினாப் போதும், பழையபடி பூவா வந்து நிக்கும். காத்து பட்டா கருத்துப்போகும், பார்த்துக்க. கருத்தா உப்புத்தாள் போட்டுத் தேய். சாயங்காலம் பளபளன்னு இருந்துச்சுன்னா, நாளையிலிருந்து நீதான் மேஸ்திரி."

மேஸ்திரி! பதினோரு வருஷக் கனவு. வெள்ளிங்கிரிக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்காவின் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் ஃபேனை நிறுத்தினான், ஜன்னலைச் சாத்தினான். பூவாக வளைத்து அச்சில் கட்டிய கம்பி உலைக்குள் போனது.

"காத்து இன்னும் இருக்குதுங்களே," என்றாள் மாராத்தாள்.

"எங்க?"

"நம்ம மூக்குல."

நியாயம்தானே? மூன்று பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு உலை முன்னால் நின்றார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, குப்பண்ணன் கண் பிதுங்கிப் புஸ்ஸென்று மூச்சை விட்டுவிட்டார். அரை மணி கழித்துக் கம்பியை எடுத்தால், காய்ந்த வைக்கோல் நிறம்.

"எல்லாம் நீங்க விட்ட மூச்சுங்ண்ணா!" என்று பாய்ந்தான் வெள்ளிங்கிரி. உப்புத்தாளால் தேய்த்தார்கள். பளபளத்தது. அதோடு விட்டிருக்கலாம்.

குப்பண்ணன் தாடையைச் சொறிந்தார். "தம்பி, இந்தத் தேய்ப்புல அதுக்கு மண்டை கலங்கி, பூவை மறந்திருந்தா?"

வெள்ளிங்கிரி கம்பியை வெடுக்கென்று பிடுங்கினான். "மறுபடியும் வெப்போம். இந்தத் தடவை எழுநூறு டிகிரி. சூடு ஏறினாத்தான் மனசுல நல்லாப் பதியும்."

சூடு ஏற ஏறக் கம்பி மேல் படியும் கருப்புத் தோலும் தடிக்கும் என்று அந்த மூன்று புண்ணியவான்களுக்கு யார் சொல்வது? எழுநூறில் கன்னங்கரேலென்று வந்தது. தேய்த்தார்கள். மறந்திருக்குமோ என்று தொள்ளாயிரத்தில் வைத்தார்கள். செதில் செதிலாக உரிந்தது. தேய்த்தார்கள். மறுபடி வைத்தார்கள். ஈர்க்குச்சி நூலானது, நூல் முடியானது. கடைசியில் மாராத்தாள் உப்புத்தாளை உதறிவிட்டு, "இப்பப் பாருங்க, பொட்டுக் கருப்பு இல்லை," என்றாள்.

உண்மைதான். கருப்பும் இல்லை, கம்பியும் இல்லை.

"போச்சு! என் மேஸ்திரி வேலை போச்சு!" வெள்ளிங்கிரி தலையில் கைவைத்து உட்கார்ந்து, பாவம், அழுதே விட்டான்.

குப்பண்ணன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "அட, எதுக்கப்பா அழுவுற? என்ன ஆனாலும் சரின்னுதானே அக்கா சொன்னாங்க?"

சாயங்காலம் பூங்கோதை அக்கா வந்து பார்த்தால், மூன்று பேரும் ஒரு வெறும் தட்டைச் சுற்றிக் குந்தியிருக்கிறார்கள். வெள்ளிங்கிரி அதில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

"கம்பி எங்கடா?"

"வந்துட்டே இருக்குதுங்கக்கா, மூணு அண்டா ஊத்தியாச்சு," என்றான் வெள்ளிங்கிரி பவ்யமாக. "வந்ததும் நீங்களே அதைக் கேளுங்க. நான் ஒரு தடவைகூட மூச்சு விடலைங்கறது அதுக்கு நல்லா ஞாபகம் இருக்கும்."