ஏழு பேர் கழற்றும் செருப்பு

முன்னொரு காலத்தில், மேற்கு ஆப்பிரிக்காவில் கோலாக்கொட்டை விளையும் அதான்க்ரோ நாட்டை ஒபிரி என்ற ராஜா ஆண்டு வந்தான். நம் கதைகளில் பட்டத்து யானை யார் கழுத்தில் மாலை போடுகிறதோ அவன்தான் ராஜா. ஏன் போட்டாய் என்று யானையை யார் கேட்பது? அதான்க்ரோவில் அந்தக் கூத்தெல்லாம் இல்லை. ஊரார் சார்பில் பதவிக் கோல் பிடித்த ஏழு பேர் உட்கார்ந்து, வாதாடி, அரச குடும்பத்தில் தகுந்த ஆளைப் பொறுக்கி, அரியணையான கறுப்பு முக்காலியில் கைத்தாங்கலாக உட்கார வைப்பார்கள். அவன் அடாவடி செய்தால் அதே ஏழு பேரும் ஒருமனதாக அவன் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். வெறுங்கால் மண்ணில் பட்டால் பதவி போச்சு! எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஏழு பேரில் ஒருத்தி செர்வா, சந்தையில் கிழங்கு விற்பவள். ராஜாவுக்குக் குடை பிடிக்கும் டொன்கோருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. “கிழங்குக்காரி தயவிலா நீங்கள் ராஜா?” என்று தினமும் ஓதினான். ராஜாவுக்கும் சுருக்கென்றது.

வருடம் ஒருமுறை முக்காலியை ஆற்றில் கழுவி வந்து, ராஜாவை மறுபடி உட்கார வைக்கும் நாள் வந்தது. நின்றபடியே ஒபிரி சொன்னான்: “உங்கள் ஏழு பேர் பதவியும் இன்றோடு ரத்து. கோல்களை வைத்துவிட்டுப் போங்கள்.”



“ஆகட்டும் மன்னா,” என்றாள் செர்வா. “ஆனால் தானாக உட்கார்ந்தவன் ராஜா இல்லையே. யார் உட்கார வைப்பது?”

“நான் எதற்கு இருக்கிறேன்? என் ஒருத்தன் கை போதும்!” என்று டொன்கோர் முன்னால் வந்தான்.

“அப்பாடா!” என்று ஏழு கோல்களையும் அவன் கையில் திணித்தாள். “அப்படியே குனிந்து செருப்பு வாரையும் பார்த்துக்கொள் தம்பி. உட்கார வைக்கிற கைதான் கழற்றவும் வேண்டும். இதுவரை ஏழு பேரும் ஒத்துப்போனால்தான் கழற்ற முடியும் என்று இருந்தது. நாங்களோ நாளைக்கு மழை வருமா என்பதில்கூட ஒத்துப்போனதில்லை. இனி உன் ஒருத்தன் மனசு போதும்.”

டொன்கோருக்குக் குஷி தாங்கவில்லை. குனிந்து வாரைத் தொட்டே விட்டான்!

“ஏய், எட்டி நில்!” ராஜா துள்ளிப் பின்வாங்கினான். சபை கொல்லென்று சிரித்தது. வெட்கப்பட்டாலும் ராஜாவும் சிரித்துவிட்டான். “அம்மா செர்வா, ஏழு பேரும் கோல்களை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குள் சண்டை இருக்கும்வரை என் செருப்பு பத்திரம்.”

“சண்டையை நம்பாதீர்கள், மன்னா. நீங்கள் அநியாயம் செய்தால் நாங்கள் ஒத்துப்போய்விடுவோம்.”

ஏழு பேரும் சேர்ந்து அவனை உட்கார வைத்தார்கள். அன்று செர்வா சந்தைக்குத் திரும்பியபோது அவள் கிழங்குக் கூடைக்கு மேல் அரசகுடை ஆடி ஆடி வந்தது. ராஜாவின் கட்டளை. பிடித்து வந்தவன் யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?