கடலுக்குப் போன கண்ணாடி அடுப்பு

மிராந்தா முதலாளி தம் பாய்மரத் தோணிக்குப் புது அடுப்பு வாங்கி வந்தார். விறகு புகையுமாம், மண்ணெண்ணெய் நாறுமாம். அதனால் ஒரு கேஸ் சிலிண்டரும், வழுவழுவென்று கண்ணாடி போட்ட வீட்டு அடுப்பும்.

"ஆட்டத்துல இதுமேல சட்டி நிக்காது முதலாளி," என்றார் சமையல்காரர் தொம்மை, அலுப்போடு.

"என் அடுப்பைக் குறை சொன்னா வேலை போயிரும். மத்தியானம் மீன் குழம்பு வேணும்."

தொம்மை சமைத்தார், அடுப்பை அணைத்துச் சட்டியை அதன்மேலேயே ஆறவும் விட்டார். காற்றுப் பிடித்துத் தோணி சாய்ந்ததும், குழம்புச் சட்டி வழுக்கிப்போய், சாப்பிட உட்கார்ந்திருந்த முதலாளியின் வெள்ளை வேட்டியில் கவிழ்ந்தது.

"என்னய்யா இது?"

"அடுப்புல ஒரு குறையும் இல்ல முதலாளி. கடல்தான் சாய்வா இருக்கு. கடையில மாத்தித் தருவாங்களான்னு கேட்டுப் பாருங்க."

மறுநாள் தோணியில் பழைய விறகடுப்பு புகைந்தது. முதலாளி இருமக்கூட இல்லை.