கோணமடைத் தொட்டி வழிந்த கதை

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசை இப்போதே உதிரட்டும். எனக்கு மீசை கிடையாது என்பது வேறு விஷயம்.

கோணமடையில் நயினார், சுடலைக்கண்ணு, பரமகுரு என்று மூன்று அறிவுக்கொழுந்துகள். ஊர்த் தண்ணீர்த்தொட்டியின் மோட்டாரைத் தானாக ஓட்டும் ப்ரோக்ராம் ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்று இன்டர்நெட்டில் போட்டார்கள். இப்படித் திருத்தம் வாங்கும் பெரிய ப்ராஜெக்ட்டுகளின் விதிகளையும் வரி விடாமல் மனப்பாடம் செய்தார்கள். புரிந்துகொள்ள வேண்டும் என்று விதியில் இல்லை.

மோட்டாரை ஓடச் சொன்னவர்கள், நிற்கச் சொல்ல மறந்துபோனார்கள். தொட்டி நிரம்பி, கீழேயிருந்த வேலம்மாள் வீட்டுக்குள் அருவியாய்க் கொட்டியது.

"ஏ பாவிகளா, விதைநெல்லு நனையுது! மோட்டாரை நிறுத்துங்கடே!"

"பதறாதீங்க மதினி," என்றார் நயினார். "புகார் வந்தா, அதே தப்பு மறுபடியும் வருதான்னு பாக்கணும். அதான் விதி."

சுடலைக்கண்ணு ஓடிப்போய், கீழத்தெருத் தொட்டியிலும் அதே ப்ரோக்ராமை ஏற்றினான். நல்லவேளையாக அங்கேயும் ஒரு வீடு மூழ்கியது. மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அதற்குள் திருத்தங்கள் குவிந்தன. ஒரு புண்ணியவான் மோட்டார் சத்தத்தை நாயன இசையாக்கியிருந்தார். சேலத்துக்காரர் ஒருவர் மட்டும், 'தொட்டி நிரம்பினால் நிறுத்து' என்று ஒரே வரி அனுப்பியிருந்தார்.

"அதைச் சேத்துத் தொலைங்களேன்!" இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்தினாள் வேலம்மாள்.

"ரெண்டு பேரு பாத்து ஒப்புக்கணுமே," என்றார் நயினார். "நான் ஒப்புக்கிட்டேன். சுடலைக்கண்ணு வந்த வரிசைப்படிதான் பாப்பான். இப்போ நாயனத்துல இருக்கான். சுருதி சேரலியாம்."

வேலம்மாள் விறுவிறுவென்று போய்ச் சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் நின்றது. நெல் மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டாள். தண்ணீரை வாளி வாளியாக இறைத்து வாசல் பள்ளத்தில் கொட்டினாள்.

மூவருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

"ஒருத்தரும் பாக்காம, ஒருத்தரும் ஒப்புக்காம மாத்திட்டாளே!" என்றான் சுடலைக்கண்ணு.

"இப்படி அனுமதியில்லாம மாத்தினா, முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பிடணும்," என்றார் நயினார்.

சுவிட்சைப் போட்டார்கள். மூட்டைகளை உள்ளே தள்ளினார்கள். வேர்க்க விறுவிறுக்கப் பள்ளத்துத் தண்ணீரை மொண்டு வந்து, ஒரு சொட்டு குறையாமல் வீட்டுக்குள் ஊற்றினார்கள்.

ஊற்றி முடித்த பரமகுரு, துடைப்பத்தோடு வாசலில் நின்ற வேலம்மாளைப் பணிவாகக் கூப்பிட்டான்: "மதினி, நீங்களும் உள்ள வந்து இடுப்பளவுல நின்னு கத்துனீங்கன்னா, எல்லாம் பழையபடி ஆயிரும்."

இந்தக் கதையைச் சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். தெரிந்தால், கதைக்குத் திருத்தம் எடுத்துக்கொண்டு மூவரும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.