கொஞ்சம் பொறு

"மூணாவது மொழியிலயும் சரியா வரல, குரு. இன்னொரு மொழியில எழுதிப் பார்க்கட்டுமா?" என்றாள் பூரணவல்லி.

குரு என்றதும் தாடியும் காவியும் தேட வேண்டாம். ஜெர்லினுக்குச் சிஷ்யையை விடப் பத்து வயது குறைவு. நாகர்கோவிலில் ஒரு பேருந்து நிறுவனத்தின் கணினி அறைக்கு அவள்தான் தலைவி. எதைக் கேட்டாலும் ஒற்றை வரிக்கு மேல் பேச மாட்டாள். கிண்டலாகக் குரு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது.

"என்னக்கா சரியில்ல?"

"அவர் எழுதின மாதிரி இல்ல."

அவர் என்றால் மரகதவேல், பூரணவல்லியின் கணவர். பயணச்சீட்டு அச்சடிக்கும் புரோகிராமை இதே அறையில் உட்கார்ந்து பெர்ல் என்ற பழைய கணினி மொழியில் எழுதியவர். ஒரு நாள் காலை "போயிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாரடைப்பு. வரவில்லை.

புரோகிராம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் புது மொழிக்கு மாற்றும் வேலையைப் பூரணவல்லி சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள். வேலைக்கு விதி ஒன்றுதான். உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றலாம். பயணி கைக்கு வரும் சீட்டு மட்டும் மாறக் கூடாது. முடிந்த அன்று பழையதை அணைத்துவிடுவார்கள்.

ஜாவாவில் எழுதினாள். குறை கண்டாள். பைத்தானில் எழுதினாள். அதிலும் குறை. இப்போது 'கோ' என்ற மொழி. குறை கண்டுபிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

புரோகிராம் சரியா என்று பார்க்கும் சோதனைகள் எல்லாம் எப்போதோ பச்சை காட்டிவிட்டன. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஜெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பச்சையைப் பார்த்தாள். திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"இது மட்டும் மூணு மொழியிலயும் அப்படியே வந்திருக்கு."

ஆங்கில எழுத்தில் மரகதவேல் வைத்த ஒரு தமிழ்ப் பெயர். கொஞ்சம்பொறு. அச்சடிக்கும் முன் புரோகிராமைச் சற்று நேரம் சும்மா நிறுத்தி வைக்கிற வரி.

வீட்டிலும் அவர் வாயில் எந்நேரமும் அதுதான். கொஞ்சம் பொறு வல்லி, இதோ வந்துட்டேன். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்கு அவர் குரல் கேட்டது. அதற்காகவே தினமும் படித்தாள்.

"எதுக்காக நிக்குது?"

"பழைய பிரிண்டர். சூடாகறதுக்கு நேரம் எடுக்கும். அதுக்காக வச்சார்."

"அந்தப் பிரிண்டர் எங்க?"

"பழைய இரும்புக்குப் போட்டாச்சு."

"அப்போ, இன்னும் பொறுத்துக்கிட்டு இருக்கிறது யாரு?"

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தச் செருப்புச் சத்தம் வாசலில் கேட்காதா என்றிருந்தது பூரணவல்லிக்கு.

"நான்தான்" என்றாள்.

ஜெர்லின் எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

பூரணவல்லி அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு அதை அழித்தாள். ஓடவிட்டாள்.

சீட்டு உடனே வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். ஓர் எழுத்துகூட மாறவில்லை. அடியில், அவர் முதன்முதலில் போட்டு வைத்த அதே வார்த்தைகள்: போய் வாருங்கள்.

பழையதை அணைக்கும் பொத்தானில் விரலை வைத்தாள்.

"போயிட்டு வாங்க" என்றாள்.