அணியத்தில் அழைக்காத பெயர்

அநியாயம் நடந்தது ஜெனோவாவுக்கு. தொம்மையின் புதுப் படகுக்கு விளக்குகள் போட்டது அவள். அதற்காகத் துண்டு போர்த்தப்பட்டது இன்னாசிக்கு.

அந்தக் கடற்கரையில் துண்டு வெறும் துணி இல்லை. புதுப் படகு கடலில் இறங்கும் காலையில், படகின் மூக்கான அணியத்துக்கு முன்னால் ஊர் கூடும். படகைக் கட்டிய ஓடாவி, எஞ்சின் பூட்டியவர், வர்ணம் அடித்தவர், விளக்குப் போட்டவர் என்று ஒவ்வொருவரையும் படகுக்காரர் பேர் சொல்லி அழைப்பார். வந்து நிற்பவர் தோளில் துண்டு விழும். அந்தப் பேரை ஊர் மறக்காது. அடுத்த படகு கட்டுகிறவர் அந்தப் பேரைக் கேட்டுக்கொண்டுதான் வருவார்.

ஜெனோவா ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவள். பழைய படகுகளில் அவள் கை படாதது குறைவு. புதுப் படகு அவளுக்கு இதுதான் முதல்.

இன்னாசி அவளுடைய சீடர். ஆசானுக்கு முப்பது வயது. சீடருக்கு மீசை நரைத்துவிட்டது. இடுப்பு ஒத்துழைக்காமல் கடலை விட்டவர், வேறு தொழில் கற்க அவளிடம் வந்தார். ஊர் சிரித்தது. அவர் சிரிப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவளை "ஆசானே" என்றே கூப்பிட்டார். அவள் அவரை "மாமா" என்றாள்.

வேலை நடந்த நாட்களில் இருவரும் அந்தப் படகிலேயே கிடந்தார்கள். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. மூன்று விளக்குதான். ஆனால் உப்புக்காற்றுக்கு எண்ணிக்கை தெரியாது. எங்கே ஒரு நூல் அளவு செம்பு வெளியே தெரிந்தாலும் தின்றுவிடும்.

"சாதாரணக் கம்பி போதாதா ஆசானே?" என்றார் இன்னாசி.

"வீட்டுக்குப் போதும். இதுக்கு வெள்ளீயம் பூசினதுதான்."

விளக்குக்குள் கம்பி நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் அவள் கம்பியைக் கீழே தொங்கலாக விட்டாள். அவர் அதை இழுத்து நேராக்கினார். அவள் மறுபடி தொங்கவிட்டாள். அவர் மறுபடி இழுத்தார்.

"அழகா இருக்கட்டும்னு இழுக்கேன்."

"அழகா இழுத்தா, கம்பி மேல வழியுற தண்ணி அழகா வெளக்குக்குள்ள போகும். தொங்கல் விட்டா அதோட அடியிலயே சொட்டிரும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

கம்பி முழுவதையும் படகு விளிம்பின் உள்மடிப்பில், குழாய்க்குள் ஓட்டினாள். வலை உரசாது, கால் மிதிக்காது. அவள் படகில் ஏறி இறங்கிய அத்தனை நாளும் வழக்கம், சாஸ்திரம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இறக்கும் காலையில் தொம்மை ஓடாவியை அழைத்தார். எஞ்சின்காரரை அழைத்தார். வர்ணக்காரரை அழைத்தார். ஜெனோவா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"வெளக்குப் போட்டது, நம்ம இன்னாசி!"

இன்னாசி திரும்பி ஜெனோவாவைத் தேடினார். யாரோ அவரை முன்னால் தள்ளினார்கள். துண்டு விழுந்தது. கைதட்டினார்கள்.

"அண்ணாச்சி, இது அந்தப் பிள்ளை..." என்று தொடங்கினார்.

"தெரியும் வே. அணியத்துக்கு முன்னால பொம்பளை வந்து நிக்கிற வழக்கம் நமக்கு இல்ல. நீரு வாங்கிக்கிடும்."

வேலைக்கு ஏறலாம், பேருக்கு நிற்கக் கூடாது. இப்படி ஒரு வழக்கத்தை யார் தொடங்கினார் என்று கேட்டால் பதில் வராது. தொடங்கினார்கள் என்றால், அதற்கு முந்தின நாள் அது இல்லாமலேயும் படகுகள் கடலுக்குப் போயிருக்கின்றன.

அன்று மாலை இன்னாசி துண்டை மடித்து எடுத்துக்கொண்டு ஜெனோவாவின் பட்டறைக்கு வந்தார். அவள் ஒரு பழைய ஸ்விட்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது உன்னது."

"எனக்குப் போடலியே மாமா."

"நான் போடுதேன்."

"நீங்க போட்டா அது துணி. தலை துவட்டலாம்."

அவர் உட்கார்ந்தார். அவருக்கும் மனசு சரியில்லை. ஆனால் மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். சமாதானம் அங்கேயிருந்துதான் வந்தது.

"வலது கை செய்யுறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு வேதத்துல சொல்லியிருக்குல்ல, ஆசானே?"

"அது தர்மம் போடுறவனுக்குச் சொன்னது. நான் தொம்மை அண்ணாச்சிக்குத் தர்மமா போட்டேன்? வேலை செஞ்சேன்."

"அதைத்தான் கேக்கேன். வேலை நல்லா அமைஞ்சிருச்சு. வெளக்கு எரியுது. பேர் எதுக்கு?"

ஜெனோவா ஸ்விட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தக் கம்பி வெட்டுற குறட்டை எடுங்க," என்றாள்.

அவர் எடுத்துக் கொடுத்தார். கேள்வி அங்கேயே கிடந்தது.

அடுத்த வாரங்களில் புதுப் படகுக்காரர்கள் இன்னாசியின் வாசலுக்கு வந்தார்கள். ஜெனோவாவின் பட்டறைக்குப் பழைய படகுகளின் துருப்பிடித்த ஸ்விட்சுகள் மட்டும் வந்தன. இன்னாசி வந்தவர்களிடம் எல்லாம் ஒன்றையே சொன்னார்.

"நான் கையாளுதான். போட்டது ஜெனோவா. அவகிட்டப் போங்க."

"பாத்தீங்களா, எம்புட்டுப் பணிவு!" என்றார்கள். அவர் மேலிருந்த மதிப்பு ஒரு படி உயர்ந்தது. உண்மையைச் சொல்லச் சொல்ல அது அவருடைய பெருந்தன்மைக் கணக்கிலேயே போய்ச் சேர்ந்தது. அவர் ஜெனோவாவிடம் வந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன செய்யட்டும் ஆசானே? பொய் சொன்னாத்தான் நம்புவானுங்க போல."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "சரியான சீடர்தான் எனக்கு வாய்ச்சிருக்காரு."

அப்புறம் தொம்மையின் படகில் பச்சை விளக்கு அணைந்தது.

விடியுமுன் கரைக்குத் திரும்பும்போது, ஒரு பெரிய விசைப்படகு அவர்களை உரசுகிற மாதிரி வந்து, கடைசி நொடியில் விலகிப் போயிருக்கிறது. அதன் அலையில் வலையில் பாதி கடலுக்குப் போனது. தொம்மையோடு கடலுக்குப் போகிற கூட்டாளிகள் கரையில் இறங்கி, பச்சை எரியாமல் இனி ஏற மாட்டோம் என்று மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தொம்மை கத்தினார்.

"பொம்பளை கட்டுன வெளக்கு! அப்பவே நினைச்சேன்!"

கவனியுங்கள். எரிந்தவரை அது இன்னாசி போட்ட விளக்கு. அணைந்த அன்றே அது ஜெனோவா போட்ட விளக்காகிவிட்டது. பழி சொல்ல மட்டும் அவள் உடனே ஞாபகத்துக்கு வந்தாள்.

இன்னாசி ஓடினார். பல்பைப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஃபியூஸைப் பார்த்தார், அதுவும் நன்றாக இருந்தது. வெயில் சாயும்வரை பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

"ஆசானைக் கூப்பிடுங்க," என்றார்.

"அவ கட்டினதுதான போச்சு!"

"அப்ப அவளைத்தான கூப்பிடணும், அண்ணாச்சி?"

மணலில் இருந்த கூட்டாளிகள் தலையாட்டினார்கள். ஆள் போனது.

ஜெனோவா பையுடன் வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி மணலில் விட்டுவிட்டுப் படகில் ஏறினாள். பேட்டரியில் மீட்டரை வைத்தாள். மின்சாரம் இருந்தது. ஸ்விட்சில் இருந்தது. வலப்பக்க விளிம்போடு ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துக்கொண்டே அணியம்வரை நகர்ந்தாள். அணியத்துக்குச் சற்று முந்தின இணைப்புவரை இருந்தது. அதற்கப்புறம் இல்லை. அவள் எட்டி வெளிப்பக்கம் பார்த்தாள்.

அங்கே ஒரு பலகை. தேக்கில் செதுக்கி, பித்தளை எழுத்து பதித்து, பளபளவென்று: தொம்மை.

"இது எப்ப வந்துச்சு?"

"போன வாரம்," என்றார் இன்னாசி. "டவுன்ல செய்யக் குடுத்திருந்தாரு. பிந்தி வந்துச்சு."

"இதைக் கழட்டணும்."

தொம்மை பாய்ந்து வந்தார். "பேர்ப்பலகையில கை வைக்காத!"

"கை வைக்கல அண்ணாச்சி. திருப்புளிதான் வைக்கேன்."

திருகாணி வரவே வரவில்லை, அவ்வளவு நீளம். கடைசியில் வந்தபோது அதன் நுனியில் செம்புத் துணுக்கு ஒட்டியிருந்தது. படகின் உடம்பைத் துளைத்து, குழாயைத் துளைத்து, உள்ளே ஓடிய கம்பியைச் சரியாக நடுவில் கிழித்திருந்தது அது; மிச்சத்தை ஒரு வாரத்தில் உப்பு தின்றிருந்தது. ஜெனோவா அதை உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினாள்.

மீன் கூடையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சூசம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏ அம்மா! பேரைவிட ஆணி நீளமால்லா இருக்கு!"

கூட்டாளிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவனால் முடியவில்லை, குனிந்து மணலைப் பார்த்தான். தொம்மையின் காது சிவந்தது.

"மேல கட்டையா ஒரு ஆணி அடிச்சிருக்கலாம்," என்று முனகினார்.

"என்னைக் கேட்டிருக்கலாம்," என்றாள் ஜெனோவா. "கம்பி எங்க ஓடுதுன்னு எனக்குத் தெரியும்லா?"

அறுந்த துண்டை வெட்டி எறிந்தாள். புதுக் கம்பியை இணைத்தாள். அதன் மேல் மெல்லிய ரப்பர் உறையை மாட்டிச் சூடு காட்டிச் சுருக்கினாள். பிசிறே இல்லை. ஓட்டையை இன்னாசி அடைத்தார். பலகையைக் குட்டைத் திருகாணிகளால், கம்பிக்கு ஒரு சாண் தள்ளி, அவளே நேராகப் பூட்டிக் கொடுத்தாள். ஒரு எழுத்துகூடச் சாயவில்லை.

பிறகு ஸ்விட்சைப் போட்டாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரண்டும் மாணிக்கமும் மரகதமும்போல நின்றன. கூட்டாளிகள் எழுந்து துண்டை உதறினார்கள். ஒருவன் விசிலடித்தான். ஜெனோவா ஒரு நிமிஷம் இடுப்பில் கைவைத்து நின்று, தான் செய்ததைத் தானே பார்த்தாள். அதில் என்ன தப்பு?

"சரி, சரி, ஏறுங்கடா," என்றார் தொம்மை. "இன்னாசி, வந்ததுக்கு நல்லது வே."

இன்னாசி நகரவில்லை. படகுக்கு முன்னால், அணியத்தை மறித்து நின்றார்.

"அண்ணாச்சி, ஊர் இருக்கு. படகு இருக்கு. இப்பமாவது அந்தப் பிள்ளையை இங்க பேர் சொல்லிக் கூப்பிடுங்க. தப்பா வாங்குன துண்டு எனக்கு உறுத்துது."

"என்ன வே நீரு! வெளக்கு எரியுதா இல்லியா?"

"எரியுது."

"அப்புறம் பேர் எதுக்கு? வேலை நடந்தாப் போதாதா?"

இன்னாசியின் சொந்தக் கேள்வியே வேறொருவர் வாயிலிருந்து வந்து அவரை அறைந்தது. அவர் படகில் நின்ற ஜெனோவாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு நானும் இதைத்தான் கேட்டேன் ஆசானே. நீ குறட்டை எடுக்கச் சொன்னே."

ஜெனோவா ஸ்விட்சில் கைவைத்தாள். சிவப்பும் பச்சையும் வெள்ளையும் ஒரே நேரத்தில் அணைந்தன.

"ஏய்! என்ன செய்யுதே?"

"அண்ணாச்சி, எஞ்சின் நல்லா ஓடுதா?"

"ஓடாம?"

"படகு எங்கயும் கசியுதா?"

"ஓடாவி கட்டுனது கசியுமா?"

"இருக்குற வலை போதுமா?"

"இன்னைக்குப் போதும்."

"அப்ப ஒரு குறையும் இல்ல. இப்படியே போயிட்டு வாங்க."

தொம்மை கூட்டாளிகளைப் பார்த்தார். யாரும் ஏறவில்லை.

"வெளையாடுதியா? வெளக்கு இல்லாம எப்படிப் போக?"

"வெளக்கு என்ன, மீனா புடிக்குது? படகைத் தள்ளுதா?"

"அறிவு இருக்கா உனக்கு?" தொம்மையின் குரல் கரை முழுக்கக் கேட்டது. "நாங்க அங்க இருக்கோம்னு எதிர வர்றவனுக்குத் தெரிய வேண்டாமா? ஒண்ணுமே இல்லன்னு நினைச்சு மேல ஏத்திட்டுப் போயிருவான்லா!"

ஜெனோவா ஸ்விட்சைப் போட்டாள். படகிலிருந்து இறங்கி, இன்னாசியைத் தாண்டி வந்து, அணியத்துக்கு நேர் முன்னால் நின்றாள்.

"பேர் சொல்லாம, நீங்க எம்மேல ஏத்திட்டுத்தான போனீங்க, அண்ணாச்சி?"