மடிக்காத இலை

"சாமி, மீன் சாப்பிடுறதை விட்டுறலாமா, வேணாமா? ஒரு வார்த்தையில சொல்லுங்க."

கேட்டுவிட்டுப் பூமாலை மணலில் உட்கார்ந்தார். உட்காருவதற்குள் முழங்கால் இரண்டும் நாலு பேச்சுப் பேசிவிட்டன.

சாமி என்றதும் நீளத் தாடியும் பெரிய மடமும் நினைத்துவிட வேண்டாம். சவுக்குத் தோப்பில் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு திருவோடு, அவ்வளவுதான் சொத்து. வயதிலும் பூமாலைக்குப் பதினைந்து வருஷம் இளையவர். ஓட்டில் கீரை விழுந்தாலும் சாப்பிடுவார், மீன் குழம்பு விழுந்தாலும் சாப்பிடுவார். குப்பத்தில் கிழவன் முதல் குழந்தை வரை எல்லாரையும் 'நீ' என்றுதான் பேசுவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

"எதுக்கு விடணும்?" என்றார் சாமி.

பூமாலை சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் கடலுக்குப் போனவர் அவர். முட்டி போனபின் மகன்கள் போகிறார்கள். இவர் கரையில் உட்கார்ந்து வலைக் கிழிசலைப் பின்னிக் கொடுக்கிறார். ஒன்பது நாளைக்கு முன்னால் மகன் வலையில் ஒரு திருக்கை மீன் வந்தது. மணலில் இழுத்துப் போட்டதும், சாகிற நேரத்தில் அது குட்டி போட்டது. உள்ளங்கை அகலத்தில் ஐந்து குட்டிகள். பூமாலை அவற்றை அள்ளிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடி அலையில் விட்டார். மூன்று நீந்திப் போயின.

"ஆயுசு பூரா பாத்ததுதான் சாமி. அன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு."

"அப்ப விட்டுடு. இதுல என்ன கேள்வி?"

கேள்வி கடலில் இல்லை, வீட்டில் இருந்தது.

வலை பின்னுகிறவன் மீன் தின்ன மாட்டானாம் என்று மச்சான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். அதைப் பூமாலை துடைத்துப் போட்டுவிட்டார். பெண்டாட்டி தையல்நாயகியைத்தான் சமாளிக்க முடியவில்லை.

குட்டிகளை அலையில் விட்ட அன்று மத்தியானம் அவள் கிழங்கான் மீன் குழம்பு வைத்திருந்தாள். பூமாலை ஒரு வாய் வைத்தார், இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். இது பாவம், இனிமேல் வேண்டாம் என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்தக் கதைதான்.

தலையில் கூடை சுமந்து மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவள் அவள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப முப்பத்தோரு வருசமா ஒனக்குப் பாவத்தையா ஆக்கிப் போட்டேன்?"

அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். தனக்கும் மீன் கிடையாது. பழைய சோறும் பச்சை மிளகாயும்தான். ஒன்பது நாளாக அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"மீனும் எறங்கல, அவ மொகத்தையும் பாக்க முடியல. நீங்க விடச் சொன்னா, சாமி வாக்குன்னு அவகிட்டப் போய்ச் சொல்லுவேன். திங்கச் சொன்னா, கண்ண மூடிக்கிட்டுத் தின்னுருவேன். எனக்கு அவ பேசணும் சாமி."

சாமி சிரித்துவிட்டார். காலையில் யாரோ சோறு கட்டிக் கொடுத்த வாழையிலை பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்துப் பூமாலைக்கு முன்னால் விரித்தார்.

"கல்யாண வீட்டுல சாப்பிட்டு முடிச்சா எலையை என்ன செய்வே?"

"நம்ம பக்கமா மடிப்போம். மனசு நெறஞ்சுது, ஒறவு நெலைக்கணும்னு."

"எழவு வீட்டுல?"

"அந்தப் பக்கமா மடிப்போம். இப்படி ஒரு சோறு இனிமே வேணாம்னு."

"மடிக்காமப் பாதியில எழுந்து போனா?"

"வெட்டுக்குத்து ஆயிரும் சாமி. ஆக்கிப் போட்டவங்களுக்கு அதைவிட அவமானம் வேற என்ன..."

பூமாலை நிறுத்திக்கொண்டார்.

"முப்பத்தோரு வருசப் பந்தி" என்றார் சாமி. "நீ இன்னும் எலையை மடிக்கல."

சொல்லிவிட்டு ஓட்டை எடுத்துக்கொண்டு ஊற்றுப் பக்கம் போய்விட்டார்.

தோப்பிலிருந்து குப்பத்துக்கு ஒரு மைல். பூமாலை மெதுவாக நடந்தார்.

பெரிய புயல் அடித்த வருஷம் நினைவுக்கு வந்தது. இரண்டு மாதம் கடலில் கால் வைக்க முடியவில்லை. வீட்டிலிருந்த கடைசிக் கருவாட்டை அரைத்து அவர் தட்டில் வைத்துவிட்டு, அம்மி கழுவிய தண்ணீரைத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டாள் தையல்நாயகி. மூத்தவன் பிறந்தபோது அவளுக்குப் பால் சுரக்கவில்லை. மூன்று நாள் அலைந்து பால்சுறா பிடித்து வந்தார். அதைப் புட்டு வைத்துத் தின்ற பிறகுதான் அவளுக்குப் பால் ஊறியது. அந்தப் பாலில் வளர்ந்த தோள்தான் இன்று படகைத் தள்ளுகிறது.

இதையா பாவம் என்றோம் என்று நெஞ்சு அடைத்தது. திருக்கையை நினைத்தபோதும் அடைத்தது. இரண்டுக்குமாகச் சேர்த்து அழுதுகொண்டே நடந்தார். அழ அழ மனசு லேசானது.

கரைக்குப் போய் மகனிடம் வீட்டுக்கான கறிமீனைக் கேட்டு வாங்கினார். ஏலம் போடுமுன் ஒவ்வொரு படகும் அதை ஒதுக்கி வைக்கும். அப்பனின் விரதம் ஒன்பது நாளில் முடிந்தது என்று மகன் சிரித்தான். பூமாலை மீனைத் துண்டில் முடிந்துகொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு வந்து கவிழ்ந்து கிடந்த சட்டியை நிமிர்த்தினார். ஒவ்வொரு மீனையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே அரிந்தார். படகில் பத்துப் பேருக்குக் குழம்பு வைத்த கை அது. வீட்டில் ஒரு நாளும் கரண்டியைத் தொட்டதில்லை.

தையல்நாயகி வெறுங்கூடையோடு வாசலில் வந்து நின்றபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கூடையை இறக்கவும் மறந்து பார்த்தாள்.

"கையக் கழுவிட்டு ஒக்காரு" என்றார் பூமாலை.

உட்கார்ந்தாள். அவர் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், நடுத்துண்டாகப் பார்த்து வைத்தார். தன் தட்டில் கொஞ்சம் சோறு போட்டு மோர் விட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

அவள் அவருடைய தட்டைப் பார்த்தாள்.

"ஒனக்கு?"

ஒன்பது நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"எனக்கு வயிறு நெறஞ்சுபோச்சு தையா. நீ போட்டுப் போட்டு நெறஞ்சுபோச்சு."

அவள் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். முள்ளைக்கூட விடாமல் சப்பிச் சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புளி கூடிப்போச்சு என்றாள்.

பிறகு எழுந்து இரண்டு தட்டையும் எடுத்தாள்.

"வெறும் மோர ஊத்தித் தின்னா ஒடம்பு என்னத்துக்கு ஆவும்? நாளைக்கு வர்றப்ப முருங்கக்கீர வாங்கியாறேன்."